பனி வந்தால் பள்ளிக்கூடம் லீவு

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். இங்கே பல பள்ளிகளில் ஒரு டிவிஷன் மலையாளம், பக்கத்து அறை தமிழ். அப்படி ஒரு பள்ளியில்தான் எனக்கு டீச்சிங் பிராக்டிஸ் போட்டார்கள். டி.எல்.எட். என்கிற தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சிப் படிப்பு இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். புத்தகத்தில் படித்ததையெல்லாம் பிள்ளைகள் முன்னால் நின்று செய்து பார்க்கும் கட்டம் இது. எனக்கு இரண்டாம் வகுப்பு, தமிழ் டிவிஷன், 19 பேர்.

முதல் மூன்று நாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது மட்டும். அது சுலபம். நான்காம் நாளுக்கு டீச்சிங் மானுவல் எழுத வேண்டும். இடப்பக்கம் என்ன செய்யப் போகிறோம் என்பது. வலப்பக்கம் பிள்ளைகள் என்ன சொன்னார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பது. வலப்பக்கத்தை வகுப்பு முடிந்த பிறகுதான் எழுத வேண்டும். நான் முந்தின ராத்திரியே ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்தும் அழகாக வந்திருந்தது.

‘ப’ எழுத்துக்குப் படஅட்டைகள் செய்திருந்தேன். பசு, படகு, பம்பரம் மூன்றும் சத்தமாகவே போயின. நான்காவது பனி. புல் நுனியில் நீர்த்துளி, ஸ்கெட்ச் பேனாவில் ஒரு மணி நேர வேலை. ‘இது பனி. பனி எப்போது வரும்?’ என்று கேட்டேன். முன்வரிசைப் பையன் எழுந்து நெற்றியில் புறங்கையை வைத்துக்காட்டி, ‘மழையில நனைஞ்சா வருமுங் டீச்சர். பனி வந்தா லீவு’ என்றான். பின்னால் ஒரு பெண், ‘எங்க தம்பிக்குப் பனியிங் டீச்சர், ஊசி போட்டாங்க’ என்றாள்.

நான், ‘தப்பு. உட்காரு’ என்றேன்.

பையன் உட்கார்ந்தான். அதற்கப்புறம் அந்தப் பீரியடில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். இது எனக்குத் தெரியாததா? மருந்துக்கடையில் நானே ‘பனிக்கு மாத்திரை’ என்று கேட்டு வாங்கியவள்தான். வீட்டில் அம்மாயி மட்டும்தான் காய்ச்சல் என்பார். மானுவலில் அந்தப் பதில் இல்லாததால் எனக்குக் காதும் கேட்கவில்லை போல.

மதியம் சோறு பரிமாறி முடித்த பிறகு வகுப்பு டீச்சர் என் நோட்டைப் புரட்டினார். வலப்பக்கத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். ‘ஆர்வத்துடன் பங்கேற்றாங்களா? அடிச்சுட்டு நடந்ததை எழுதும்மா’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டேன். ஒரு பக்கம் தமிழில் என்ன பொருள், மறுபக்கம் மலையாளத்தில் என்ன பொருள். பனிதான் முதலில். அந்தப் பையனையே கூப்பிட்டு இரண்டு பக்கமும் படம் வரையச் சொன்னேன். காய்ச்சல் பக்கத்தில் தெர்மாமீட்டர் வரைந்தான். அடுத்து வெள்ளம்: ஒரு பக்கம் ஊரே முழுகுவது, இன்னொரு பக்கம் குடிக்கும் தண்ணீர். ‘அப்ப பாட்டில்ல வெள்ளம் வந்துருச்சுங்களா?’ என்று ஒருத்தி கேட்க, வகுப்பே உருண்டது. இரைச்சல் தாங்காமல் பக்கத்து மலையாள டிவிஷன் டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வகுப்பை அடக்குவதில் நான் இன்னமும் மோசம்தான்.

இரண்டு வாரம் கழித்து கிரிட்டிசிசம் கிளாஸ், அதாவது நாம் பாடம் எடுப்பதைப் பார்த்துக் குறைநிறை சொல்லும் வகுப்பு. பயிற்சி நிறுவனத்து சார் பின்னால் பேனாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார். அன்று பறவைகளின் ஒலி. ‘காகம் கரையும்’ என்று சொன்னதும் ஒரு கை உயர்ந்தது.

‘காக்கா எதுக்குங் டீச்சர் அழுகுது?’

கரைவது என்றால் மலையாளத்தில் அழுவது. மானுவலில் இதுவும் இல்லை. சாரைப் பார்க்காமல், ‘எதுக்கா இருக்கும்? நீங்களே சொல்லுங்க’ என்றேன். குஞ்சைக் காணோம், சோறு கிடைக்கவில்லை, குயில் ஏமாற்றிவிட்டது என்று ஆளுக்கொன்று வந்தது. குயிலின் ஒலிக்கும் மயிலின் ஒலிக்கும் போகவே முடியவில்லை. பாடம் முடியவில்லை என்று சார் மார்க்கைக் குறைத்தார். வலப்பக்கம் நிறைந்து அடுத்த தாளுக்குப் போயிருந்தது.