ஈயக்குண்டு கோடைக்கு

சிவாஜிநகர் பக்கம் தூண்டில் கடையில் இன்று ஒரு தம்பி பெரிய பெரிய ஈயக்குண்டாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். டொரான்டோவில் வேலையாம். ஒன்டாரியோ ஏரியில் குளிர்காலத்தில் சால்மன், ட்ரௌட் பிடிக்கணுமாம்.

தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் ஈயம் கோடைக்குத்தான் தம்பி.

கோடையில் மேல்தண்ணீர் சூடாவதால் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். குளிரில் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே சில்லிப்பு, மீன் மேலேயே திரியும்.

மெல்லிய ஸ்பூனை (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) படகின் இரு பக்கமும் 40 மீட்டர் பின்னால் விட்டால் போதும். வேகம்தான் விஷயம். மணிக்கு 2–3 கிலோமீட்டர், அதற்கு மேல் துரத்த மீனுக்குத் தெம்பு இருக்காது.

நேராக ஓட்டாமல் பாம்பு மாதிரி வளைத்து ஓட்டணும். திருப்பத்தில் வெளிப்பக்க ஸ்பூன் வேகமெடுக்கும், உள்பக்கத்தது தளர்ந்து இறங்கும். எந்தப் பக்கம் கடிக்கிறதோ அந்த வேகத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

ஸ்பூனையும் தங்கூசியையும் சேர்க்கும் சுழல் இணைப்பான ஸ்விவல் இல்லையென்றால் ஸ்பூன் சுழன்று தங்கூசி முறுக்கிக்கொள்ளும். கம்பு வளையத்தில் பனி உறைந்தால் பிய்க்க வேண்டாம், நுனியைத் தண்ணீரில் முக்கினாலே கரையும்.

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அந்தக் குளிரில் விழுந்ததும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், நீச்சல் தெரிந்தவருக்கும்தான்.