பொக்காபுரத்து மாரியும் மாயாறும்

மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்கு அம்மாவோடு மசினகுடி பக்கத்துப் பொக்காபுரம் போயிருந்தேன். ஊட்டியில் ஸ்வெட்டரோடு பஸ் ஏறினோம். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் அதைக் கழற்றி மடியில் வைத்தாகிவிட்டது. கீழே முள்மரமும் மூங்கிலும் சுள்ளென்ற வெயிலும்தான்.

பக்கத்து இருக்கையில் வெள்ளை முண்டு கட்டிய, நீலகிரிப் படகர் இனத்துப் பாட்டி ஒருவர். மசினகுடி நெருங்கும்போது வடக்கே கை நீட்டினார். "அங்கதான் கண்ணு மாயாறு. எங்க பெரியவங்க அதைத் தாண்டித்தான் மைசூர்ப் பக்கமிருந்து வந்தாங்க." அவர்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்டு ஓர் அரசன் படையோடு துரத்தினானாம். ஆறு விலகி இவர்களுக்கு வழிவிட்டதாம். பின்னால் வந்த படையைப் பெருகி மறித்ததாம். சொல்லி முடித்துவிட்டு அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. அந்தப் பக்கம் என்றாலே கர்நாடக எல்லையின் கக்கநல்லா சோதனைச்சாவடியும், வரிசையில் நிற்கும் லாரிகளும்தான் எனக்கு நினைவு வரும். பாட்டிக்கோ அது மானம் காத்த ஆறு. நீலகிரியின் மேற்கு ஓரமும் இப்படித்தான். தமிழகமும் கேரளமும் சந்திக்கும் இடத்தை ஒட்டி நிற்கும் முக்கூர்த்தி சிகரம், எருமை வளர்க்கும் மலைக்குடியான தோடர்களுக்கு மறு உலகத்தின் வாசல். மனித உயிரோடு எருமையின் உயிரும் அந்த வழியாகத்தான் போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. எருமைக்கும் இடம் வைத்த அந்த மனசை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும்.

கோயிலில் நல்ல கூட்டம். கன்னடம், மலையாளம், படகர் மொழி, தமிழ் எல்லாம் ஒரே வரிசையில் கேட்டன. சமவெளி ஊர்களில் எல்லையம்மனை ஊருக்கு வெளியே வைத்து, நோயையும் கேட்டையும் அங்கேயே நிறுத்தும்படி வேண்டுவார்கள். இந்த மாரியும் காட்டோரம் இருப்பவள்தான். ஆனால் எந்தப் பக்கத்து ஆளையும் இவள் வெளியே நிறுத்தியதாகத் தெரியவில்லை. எனக்கு முன்னால் நின்ற கன்னடக்காரப் பெண் பிள்ளையைத் தூக்கிக் காட்டி "தாயி, தாயி" என்று அழுதாள். அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. அவளோடு சேர்ந்து அம்மாவும் அழுதாள்.

யானை நடமாட்டம் இருக்கிறது, இருட்டுவதற்குள் கிளம்புங்கள் என்றார்கள். சரியென்று குங்குமத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். பாட்டியை அப்புறம் பார்க்கவில்லை.

வளைவுகள் ஏறத் தொடங்கியதும் அம்மா கேட்டாள்: "ஆறு காப்பாத்துச்சே, அந்தப் பொண்ணு பேரு என்னவாம்?"

நான் கேட்டுவைக்கவில்லை.