வால் இணைப்புகளில் விரிசல் தேடிய அனுபவம்

இந்த வருடாந்திரச் சோதனையில் வால் பகுதிக்கென்று தனியாக நேரம் ஒதுக்கினேன். விமானம் நானே கட்டியது. இரண்டு இருக்கை, அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த உடல், வாலில் சக்கரம். எஞ்சின், பிரேக், கட்டுப்பாட்டுக் கம்பிகள் எல்லாவற்றையும் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக முடித்தாயிற்று. வால் இணைப்புகளை மட்டும் அப்படி ஒரே வரியில் டிக் அடித்துவிட மனம் வரவில்லை. வாலின் கிடைமட்டச் சிறகான ஸ்டெபிலைசரை உடலோடு பிடித்து வைத்திருப்பது சில போல்ட்டுகளும் அவை கோத்திருக்கும் தகடுகளும்தான். பறக்கும்போது அவை விட்டுப்போனால் விமானி செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது.

இது வீண் பயம் இல்லை. நாமே கட்டிக்கொள்ளும் விமானங்களுக்குக் கிட் தயாரிக்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் 2014-இல் ஆர்வி-6, ஆர்வி-7, ஆர்வி-8 ரகங்களுக்கு, ஸ்டெபிலைசரின் முன் ஸ்பாரில் (அதன் நீளவாக்கில் ஓடிச் சுமை தாங்கும் சட்டம்) விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு சர்வீஸ் புல்லட்டின், அதாவது பராமரிப்பு அறிவிப்பு, வெளியிட்டது. என்னுடையது வேறு வடிவமைப்பு என்றாலும் கட்டும் முறை ஏறத்தாழ அதேதான். பெரிய விமானங்களிலும் இது நடந்திருக்கிறது. 1977 மே 14 அன்று ஸாம்பியாவின் லுசாக்காவில் தரையிறங்க வந்துகொண்டிருந்த போயிங் 707 சரக்கு விமானம் ஒன்றின் வலதுபக்க ஸ்டெபிலைசர் வானிலேயே கழன்றது. உள்ளே இருந்த 6 பேரும் இறந்தார்கள். பின் ஸ்பாரின் மேல் விளிம்பில் ஒரு துளையிலிருந்து கிளம்பிய சோர்வு விரிசல்தான், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் விரிசல்தான் காரணம். ஒரு பாகம் உடைந்தாலும் இன்னொன்று தாங்கும் என்று நம்பித்தான் அந்த வாலை வடிவமைத்திருந்தார்கள். ஆனால் முதல் விரிசலை யாராவது சமயத்தில் கண்டுபிடித்தால்தான் அந்தத் தாங்கலுக்கு அர்த்தம். அப்போதிருந்த சோதனை முறையில் அது கண்ணில் படவில்லை.

சரி, எங்கே தேடுவது? வால் முழுவதையும் லென்ஸ் வைத்துப் பார்க்க முடியாது. சுமை எந்த வழியாகப் போகிறது என்று முதலில் யோசித்தேன். வழக்கமான அமைப்பில் விமானத்தின் எடை மையம் இறக்கையின் தூக்குவிசை மையத்துக்கு முன்னால் இருக்கும். மூக்கு கவிழாமல் இருக்க ஸ்டெபிலைசர் பெரும்பாலான நேரம் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். அந்தச் சுமை இரண்டு பக்கமிருந்தும் ஸ்பார் வழியாக நடுவுக்கு வந்து, போல்ட்டில் இறங்கி, உடலுக்குள் போகிறது. ஒவ்வொரு காற்றுக் குலுக்கலிலும் அது கூடிக் குறைகிறது. புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்றும் துடிப்புத் துடிப்பாக வந்து வாலில் மோதுகிறது. வால் சக்கர விமானத்தில் தரையில் ஓடும்போது படும் ஒவ்வொரு அடியும் வேறு உடலின் குறுக்குச் சட்டங்களில் கடைசியான பல்க்ஹெட்டுக்குப் போய்ச் சேர்கிறது. நேராக வந்த சுமை எங்கே திடீரென்று வழி மாறுகிறதோ அங்கேதான் விரிசல் பிறக்கும்: துளையின் ஓரம், தகடு மடியும் வளைவு, ஃபிளாஞ்சில் (தகட்டின் மடித்த விளிம்பு) வெட்டிய காடி, வெல்டிங்கின் ஓரம்.

துணியின் ஓரத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டால், அதன்பிறகு கையால் இழுத்தாலே அங்கிருந்து கிழியும். தகட்டிலும் அப்படித்தான். இழுக்கப்படும் அகலமான தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தாலே அதன் ஓரத்தில் தகைவு (ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை) மூன்று மடங்கு ஆகிவிடும். அந்த ஓரத்தில் பிசிரோ கீறலோ இருந்தால் இன்னும் மோசம். அலுமினியத்துக்கு இன்னொரு குணம் உண்டு. இந்த அளவுக்குக் கீழே எத்தனை கோடி முறை அசைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லக்கூடிய தெளிவான எல்லை எஃகுக்கு உண்டு, அலுமினியத்துக்குக் கிடையாது. குறைந்த சுமையும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான், பலமாகக் கட்டியிருக்கிறேன், பார்க்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

இந்த வேலையில் பாதிக்கு மேல் சுத்தம் செய்வதுதான். வால் கூம்பின் மூடியையும் இணைப்புகளை மறைக்கும் ஃபேரிங்குகளையும் கழற்றி, ஸ்டெபிலைசரின் பின்னால் அசையும் எலிவேட்டரை விடுவித்து, ஸ்டெபிலைசரையும் உடலிலிருந்து இறக்கினேன். கழற்றாமலே ஆய்வுத் துளை வழியாகக் கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. இடைப்பட்ட சோதனைகளுக்கு அது போதும். ஆனால் ஸ்பாரின் நடுப்பகுதி உடலோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் இடம் அப்படித் தெரியாது, எனக்குப் பார்க்க வேண்டியதே அந்த இடம்தான். சந்தேகமுள்ள பகுதியில் பெயிண்ட்டை ரசாயனம் போட்டுத்தான் எடுத்தேன். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் ஆகாது. அலுமினியம் மென்மையானது, தேய்த்தால் மேல்பரப்பு இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிடும். பிறகு விரிசலைக் காட்டும் சோதனை மை எதுவும் உள்ளே போகாது. குறி வைக்க ஃபெல்ட் பேனா மட்டும்தான். பென்சிலின் கிராஃபைட் அலுமினியத்தோடு சேர்ந்தால் ஈரத்தில் அரிப்புக்கு வழி வைக்கும். ஊசிமுனையால் கீறிக் குறித்தாலோ விரிசலுக்கு நாமே இடம் காட்டியது போல ஆகிவிடும்.

அடுத்தது வெளிச்சம். டார்ச்சை நேராக அடித்தால் எல்லாம் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். பரப்போடு ஒட்டிப் படுக்கவைத்து, ஓரத்திலிருந்து அடிக்க வேண்டும். அப்போது ஒரு முடியளவு மேடு பள்ளம்கூட நிழல் விடும். ஒரே இடத்தை நான்கு திசையிலிருந்தும் வெளிச்சம் போட்டு, 10 மடங்கு லென்ஸில் பார்த்தேன். ரிவெட் தலைகளைச் சுற்றி கருப்புப் பொடி கசிந்திருக்கிறதா என்பதையும் கவனித்தேன். தளர்ந்த ரிவெட் தகட்டோடு உரசும்போது வரும் அலுமினிய ஆக்சைடுதான் அது. காற்று ஓடும் திசையில் புகை படிந்ததுபோல வால் நீட்டியிருக்கும். விரிசல் இல்லாவிட்டாலும், அங்கே ஏதோ அசைகிறது என்பதற்கு அது சாட்சி.

முன் ஸ்பாரின் இடது பக்கத்தில், உடலுக்கு இடம் விடுவதற்காக ஃபிளாஞ்சை வெட்டியிருக்கும் காடியின் மூலையில், மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. கீறலா விரிசலா என்று லென்ஸில் சொல்ல முடியவில்லை. வெளிச்சத்தின் திசையை மாற்றினால் கீறல் பெரும்பாலும் மங்கிப்போகும். இது போகவில்லை. அப்புறம்தான் டை பெனட்ரன்ட்டை, அதாவது விரிசலுக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் மையை எடுத்தேன்.

மூன்று கேன்: கிளீனர், சிவப்பு மை, ஊறிய மையை வெளியே இழுக்கும் வெள்ளை டெவலப்பர். சுத்தம் செய்து நன்றாக உலர விட்டு, மையைத் தடவி, கேனில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட இது இடமில்லை, நுண்ணிய விரிசலுக்குள் மை ஊறிப் போக நேரம் எடுக்கும். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, கடைசியில் கிளீனரில் லேசாக நனைத்த துணியால் ஒரு துடைப்பு. கிளீனரைப் பரப்பின் மேல் நேராக அடித்தால் விரிசலுக்குள் போன மையும் கழுவிக்கொண்டு வந்துவிடும். டெவலப்பரைத் தகட்டின் நிறம் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாக அடித்தால் போதும். அடித்த கணத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். நேரமானால் மை பரவி, கோடு வெறும் கறையாகிவிடும். ரிவெட் தலைகளைச் சுற்றியும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பிலும் எப்படியும் சிவப்பு வரும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்த வட்டத்தை விட்டு வெளியே ஒரு கோடு நீள்கிறதா என்பதுதான் கேள்வி. என் காடியின் மூலையில் வெள்ளையின் நடுவே கூர்மையான சிவப்புக் கோடு உடனே எழுந்தது. நீளம் ஏறத்தாழ 4 மி.மீ. வலது பக்கம் சுத்தமாக இருந்தது.

எஃகு பிராக்கெட்டுகள் 4130 குரோமாலியில் (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) வெல்டிங் செய்தவை. அவற்றில் வெல்டிங் கோட்டின் ஓரத்தையே பார்த்தேன். சூடுபட்டுக் குணம் மாறிய உலோகம் அங்கேதான் தொடங்குகிறது. பெயிண்ட்டில் நூல்போலத் துரு தெரிந்தால் அடியில் விரிசல் இருக்கலாம். அப்படி எதுவும் இல்லை. போல்ட் துளைகளின் உட்சுவரை மட்டும் சுழல் மின்னோட்டத்தால் விரிசலை உணரும் எடி கரன்ட் கருவி வைத்திருக்கும் தகுதிபெற்ற சோதனையாளர் ஒருவரிடம் விட்டேன். துளைக்குள் ஆழத்தில் இருப்பது மைக்கும் லென்ஸுக்கும் சரியாகப் பிடிபடாது. அவரும் குறை எதுவும் காணவில்லை.

விரிசல் முனையில் ஒரு சின்னத் துளை போட்டால் நின்றுவிடும் என்ற யோசனை உடனே வரும். முனையின் கூர்மை போவதால் வளர்ச்சி தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டியும் விரிசல் கொஞ்சம் போயிருக்கும். துளை அதைத் தவறவிட்டால் போட்டும் பயனில்லை. வால் ஸ்பாரில் அதை என் இஷ்டத்துக்குச் செய்ய நான் தயாராக இல்லை. அளவுகோல் வைத்துப் படமெடுத்து வடிவமைப்பாளருக்கு அனுப்பினேன். அவர் தந்த வரைபடத்தில் முனைத் துளையும் உண்டு, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வலுவூட்டும் டபுளர் தகடுகளும் உண்டு. டபுளரின் நுனிகள் படிப்படியாக ஒடுங்குகின்றன. சட்டென்று முடிந்தால் சுமை அந்த விளிம்பில் குவிந்து, விரிசல் அங்கே இடம் மாறும்.

தகடுகளை வெட்டியாயிற்று. இப்போது ஓரங்களை மெருகேற்றிக்கொண்டிருக்கிறேன். அரம் விட்ட தடங்கள் ஓரத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது, நீளவாக்கில்தான் ஓட வேண்டும். காடியின் மூலையையும் பெரிய வளைவாக இழைத்துவிட்டேன். பொருத்தும்போது கால் அங்குல ஏஎன்4 போல்ட்டுகளுக்குப் புது நட் போட்டு 50 முதல் 70 அங்குல-பவுண்டு வரை முறுக்க வேண்டும், நட்டின் சொந்த உராய்வை அதோடு கூட்டிக்கொண்டு. முறுக்கியபின், நட் அசைந்தால் தெரியும்படி நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு. அந்த மூலையில் மெல்லிய பிரைமர் மட்டும்தான் பூசப்போகிறேன், தடித்த பெயிண்ட்டும் புட்டியும் வேண்டாம். ஃபேரிங்கைக் கழற்றினாலே டபுளரின் ஓரம் தெரிகிற மாதிரி ஒரு ஆய்வுத் துளையும் விட்டிருக்கிறேன். மறுபடி பறக்கத் தொடங்கியபின் முதல் 25 மணி நேரத்தில் அதைத் திறந்து பார்ப்பேன் என்று பதிவேட்டில் எழுதியாயிற்று.