செஞ்சிக் கோட்டையும் கார் சாவியும்

மே மாதத்தில் செஞ்சிக் கோட்டை ஏறலாம் என்று சொன்னது சித்தப்பா. வேறு யார்? ஐப்பசி அடைமழையில் எங்களை மெரினாவுக்கு அழைத்துப்போய் நனைத்தவரும் அவர்தானே. 2025இல் யுனெஸ்கோ பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதில் செஞ்சி ஒன்றுதான். அன்றிலிருந்து இவருக்கு மாப்பிள்ளை வீட்டார் மிடுக்கு.

"விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம்" என்றார். நம் வீட்டில் நான்கு மணி எத்தனை மணிக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியும். அத்தை தலைக்குக் குளித்து, அம்மா புளியோதரை கட்டி, கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்தில் நின்றபோது மணி பதினொன்று. பாறைகள் அடுப்பில் வைத்த தோசைக்கல்லாக இருந்தன.

"800 அடிதானே" என்றார் சித்தப்பா. அம்மாவும் அத்தையும் கல்யாண மகால் நிழலிலேயே கோட்டையைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். சித்தப்பா இருபது படி என்னுடன் வந்தார். "1690இல் உள்ளே மராத்திய மன்னர் ராஜாராம், வெளியே முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கான். கோட்டை விழ 1698 ஆகிவிட்டது, தெரியுமா?"

"அவரும் மே மாதத்தில்தான் ஏறியிருப்பார்" என்றேன்.

முழங்காலைக் காரணம் காட்டி சித்தப்பாவும் திரும்பிவிட்டார். மிஞ்சியது நானும் என் மகனும். அவன் ஆடு மாதிரி ஓடிவிட்டான். தேசிங்கு ராஜாவுக்காவது குதிரை இருந்தது. எனக்கு வாய்த்த படிகளைச் செதுக்கியவருக்கு ஒட்டகத்தின் கால்கள் இருந்திருக்க வேண்டும். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். பாதி வழியில் ஒரு குரங்கு என் மோர் பாட்டிலைப் பறித்து, மூடியைத் திருகித் திறந்து குடித்தது. அந்த மூடியைத் திறக்க வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என்னால் மட்டுமே முடிகிற காரியம் என்று வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெரிய பிளவு, அதன் மேல் சின்னப் பாலம். அந்தக் காலத்தில் மரப் பாலமாம். எதிரி நெருங்கினால் எடுத்துவிடுவார்களாம். அதன் பிறகு மேலே இருப்பவர்களை யாராலும் ஒன்றும் செய்ய முடியாதாம். காரில் வரும்போது சித்தப்பா மூன்று முறை சொன்னது இது.

பாலத்தின் நடுவில் நின்று, மூச்சு வந்து சேரட்டும் என்று காத்திருந்தேன். காற்று அற்புதமாக இருந்தது. கைபேசி அடித்தது.

"நாங்கள் காருக்கு வந்துவிட்டோம். சாவி எங்கே?"

பையைத் தடவினேன். இருந்தது.

"அத்தை வெயிலில் நிற்கிறாள். புளியோதரையும் உள்ளேதான் இருக்கிறது. பத்து நிமிடத்தில் இறங்கி வந்துவிடு, பிறகு வேண்டுமானால் மறுபடி ஏறிக்கொள்."

பாலத்தை அசைத்துப் பார்த்தேன். நகரவில்லை.