பக்கத்து சீட்டில் நம்ம ஊர்க்காரர்

விமானத்தில் வேலை பார்ப்பது எப்படி என்று எழுதுகிறவர்கள் எல்லோரும், பக்கத்து சீட்டில் இருப்பவர் முன்பின் தெரியாதவர் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். மும்பையில் ஏறி டெல்லியில் இறங்குகிறவருக்கு அது சரி. திருச்சியில் ஏறுகிறவருக்குச் சரிப்பட்டு வராது. தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம். கும்பகோணமோ மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, டெல்டாவில் யார் விமானம் ஏற வேண்டுமென்றாலும் பெரும்பாலும் திருச்சிக்குத்தான் வந்தாக வேண்டும். பக்கத்தில் வந்து உட்காருகிறவர் பெல்ட்டை மாட்டியதும் "தம்பிக்கு எந்த ஊரு?" என்பார். கும்பகோணம் என்றால் "கும்பகோணத்துல எங்க?" மூன்றாவது கேள்வியில் தெரு வந்துவிடும், நாலாவதில் நம் மாமனார் வீடு வரைக்கும் போய்விடுவார்.

எனக்கு இது பிடிக்கும். ஆனால் நான் ஆடிட்டர். என் லேப்டாப்பில் இருப்பதெல்லாம் அரிசி ஆலை, பாத்திரக்கடை, பட்டு ஜவுளி, உரக்கடை என்று இதே ஊர்க்காரர்களின் கணக்கு. யாருக்கு வங்கியில் எவ்வளவு ஓடி (ஓவர்டிராஃப்ட் கடன்), எந்த அண்ணன் தம்பி பாகம் பிரிக்கப் போகிறார்கள், யாருடைய சரக்கு புத்தகத்தில் ஒன்றும் குடோனில் வேறொன்றுமாக இருக்கிறது, எல்லாம் அதற்குள் இருக்கிறது. மும்பைக்காரர் பார்த்தால் அது வெறும் எண். பாபநாசத்துக்காரர் பார்த்தால் அன்று சாயங்காலமே ஊருக்குள் போய்ச் சேரும் செய்தி. எங்கள் தொழிலுக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில், கிளையண்டின் சம்மதம் இல்லாமல் அவர் விவரத்தை அடுத்தவருக்குச் சொல்வது தொழில் ஒழுங்கீனம் என்று இரண்டாம் அட்டவணையில் முதல் வரியாகவே இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், நம்பிக் கணக்கைக் கொடுத்தவர் முகத்தில் மறுபடி முழிக்க வேண்டுமே.

ஒரு முறை காத்திருக்கும் இடத்தில் எனக்கு எதிரே ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். வங்கிக்காரர் போலிருந்தது. ஆலையின் பெயரைச் சொல்லவில்லை, கவனமாகத்தான் பேசினார். "அந்த பாய்லர் புதுசா போட்டாங்களே, அந்த பார்ட்டிதான்... ஆமா, கோயில் குளத்துக்குப் பின்னாடி... மூணு மாசமா வட்டி கட்டல." இவ்வளவுதான். பெயர் எதற்கு? எனக்கு ஆலை தெரிந்துவிட்டது, எனக்கு இரண்டு சீட் தள்ளி இருந்த நெல் வியாபாரி நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவருக்கும் தெரிந்துவிட்டது என்பது புரிந்தது. அந்த ஆலைக்காரருக்கு அடுத்த வாரம் யாராவது கடனுக்கு நெல் போடுவார்களா? சின்ன ஊர்களைச் சுற்றி வேலை செய்கிறவர்களுக்குப் பெயரை மறைப்பது போதாது, அடையாளத்தையே மறைக்க வேண்டும் என்று நான் ஆபீஸில் சொல்ல ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

நாங்கள் செய்தது இது. பயணத்தில் எடுத்துக்கொண்டு போகும் எந்த ஃபைலுக்கும் கிளையண்ட் பெயர் கிடையாது, ஆறுகளின் பெயர்தான். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன், திருமலைராஜன், முடிகொண்டான், கோரையாறு. டெல்டாவில் ஆற்றுக்குப் பஞ்சமே இல்லை, ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குத் தாராளமாகப் போதும். எந்த ஆறு யார் என்பது ஆபீஸில் ஒரே ஒரு நோட்டில், பீரோவுக்குள் இருக்கிறது. ஒன்றே ஒன்று பார்த்துக்கொண்டோம்: அந்த ஆற்றங்கரையில் இருக்கிற கிளையண்டுக்கு அந்த ஆற்றின் பெயரை வைப்பதில்லை.

பெங்களூரு போகும்போது ஒரு தடவை, கதவு மூடுவதற்கு முன்னால் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "குடமுருட்டிக்கு எவ்வளவு குறையுதுன்னு இன்னொரு தடவ பாரு, வெட்டாறு திங்கக்கிழமைக்கு இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், திருத்துறைப்பூண்டிப் பக்கம், என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார் பொதுப்பணித் துறைங்களா? மேட்டூரைத் தொறந்து எத்தனை நாளாச்சு, எங்க கடைமடைக்குத் தண்ணி எட்டிப் பாக்கலிங்க." நான் அந்தத் துறை இல்லை, கணக்கு வேலை பார்க்கிறவன் என்று சொன்னேன். சொன்ன பிறகும் அவர் விடவில்லை, ஜூன் 12க்குத் திறந்தாலும் கல்லணைக்கு வந்து பிரிந்து கடைசி வாய்க்கால் வரைக்கும் வருவதற்குள் நாற்று முற்றிவிடுகிறது என்பதை விரலால் என் டிரேயில் கோடு போட்டுக் காட்டினார். அன்றைக்கு லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. திறந்திருந்தாலும் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைவிடப் பெரிதாக ஒன்றும் முடித்திருக்க மாட்டேன்.

சரி, வேலை பார்க்கிற நாட்களுக்கு வருவோம். திருச்சியிலிருந்து பக்கத்து நகரங்களுக்கு ஏடிஆர் 72 விமானம் அடிக்கடி கிடைக்கும். புரொப்பல்லர் வைத்தது, பக்கத்துக்கு இரண்டிரண்டு சீட், இண்டிகோவில் அதில் 78 பேர். பலர் முன் சீட் கேட்பார்கள். நான் கடைசி வரிசை கேட்பேன். இரைச்சல் புரொப்பல்லருக்கு நேராக இருக்கும் வரிசைகளில்தான் அதிகம், பின்னால் போகப் போகக் குறையும்; ஏறுவதும் இறங்குவதும் பின் கதவு வழியாக. எல்லாவற்றையும்விட, கடைசி வரிசைக்குப் பின்னால் ஆள் கிடையாது. நாம் பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றியே கவலைப்படுகிறோம், உண்மையில் நம் திரையை நிதானமாகப் படிக்கக்கூடியவர் இரண்டு சீட்டுக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியாகப் பார்க்கிற பின்சீட்டுக்காரர்.

திரையின் மேல் ஒட்டுகிற பிரைவசி ஸ்கிரீன் வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டில் இருப்பவருக்குக் கறுப்பாகத் தெரியும், அது உண்மை. ஆனால் நேர் பின்னால் இருப்பவருக்கு அது ஒன்றும் மறைக்காது, நமக்கு என்ன தெரிகிறதோ அதுவே அவருக்கும் தெரியும். அப்புறம், பொழுது சாய்ந்த பிறகு கிளம்பும் விமானத்தில் உள்ளே விளக்கை அணைத்ததும் ஜன்னல் கண்ணாடியைக் கவனித்துப் பாருங்கள். வெளியே இருட்டு, நம் திரை வெளிச்சம், கண்ணாடியில் எக்செல் கட்டங்கள் இடம் வலம் மாறி அப்படியே தெரியும். எண்கள் திரும்பித் தெரிந்தாலும் தலைப்பில் உள்ள பெரிய எழுத்தைப் படித்துவிடலாம். ஜன்னல் மறைப்பை இறக்கிவிட்டால் தீர்ந்தது, ஆனால் எத்தனை பேர் செய்கிறோம்?

கண்ணுக்குப் படாத இன்னொரு ஓட்டை ஹாட்ஸ்பாட்டின் பெயர். காத்திருக்கும் இடத்தில் போனில் வைஃபை தேடினால் வரிசையாக வரும்: ஒருவருடைய முழுப் பெயர், ஒருவருடைய கம்பெனிப் பெயர், இன்னொருவருடைய கம்பெனியும் கிளையும். ஆடிட்டர் இன்னார் ஆலைக்காரர் இன்னாரோடு ஒரே விமானத்தில் போகிறார் என்பதே எங்கள் ஊரில் ஒரு தகவல். அதை மாற்ற அரை நிமிடம் போதும். பொது வைஃபையில் வங்கிக் கணக்கையோ வருமான வரி போர்ட்டலையோ திறக்காமல் இருப்பது, பயணத்துக்குத் தேவையான ஃபைலை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு வந்ததும் அழிப்பது, லேப்டாப் தொலைந்தாலும் அடுத்தவர் திறக்க முடியாதபடி பிட்லாக்கர் போட்டு வைப்பது, இதெல்லாம் பலரும் சொன்னதுதான், நானும் செய்கிறேன். பவர் பேங்க் கையில் கொண்டுபோகிற பையில்தான் இருக்க வேண்டும், உள்ளே அனுப்புகிற பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-ஹவர் வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை, 20,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 74தான்.

பேச்சு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. எங்கள் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் சேர்ந்து போனால் விமானத்துக்குள் தொழில் பேச்சு கூடாது. இரைச்சல் இருக்கும்போது நம்மை அறியாமல் குரல் உயரும், நமக்கு மட்டும் அது சாதாரணக் குரல் போலவே கேட்கும். எத்தியேன் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் 1911லேயே இதை எழுதிவைத்திருக்கிறார், அவர் பெயரிலேயே லோம்பார்ட் விளைவு என்கிறார்கள். புரொப்பல்லர் சத்தத்தில் காதோடு காதாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேர் பேசுவதை நாலு வரிசை தள்ளி உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆர்ட்டிகிள், அதாவது ஆடிட்டர் ஆகப் பயிற்சி எடுக்கிற பையன்கள், பெண்கள் யார் என்னோடு வந்தாலும் முதலில் சொல்வது இதைத்தான்: கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள், சீட்டை நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இத்தனை கட்டுப்பாடு போட்டுக்கொண்டால் வேலை என்ன ஆகும் என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் வேலை கூடியிருக்கிறது. சென்னைக்கு ஒரு மணி நேரம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். மேலே ஏறுகிறபோதும் கீழே இறங்குகிறபோதும் லேப்டாப்பை எடுத்து வைத்துவிட வேண்டும், நடுவில் டீ வண்டி வரும், ஆக உருப்படியாக மிஞ்சுவது அரை மணி நேரம். அந்த அரை மணியில் கணக்கு எழுதுகிற டேலி மென்பொருளைத் திறந்து லெட்ஜர் சரிபார்க்கிறேன் என்று இறங்குவது வீண், ஒரு பில் இல்லாமல் முட்டி நிற்கும், போன் போட்டுக் கேட்கவும் முடியாது. ஆகவே அடுத்தவர் பார்த்தாலும் பாதகமில்லாத வேலை எது என்று பிரித்து எடுக்க ஆரம்பித்தேன். பிரித்துப் பார்த்தால், ஆபீஸ் மேஜையில் நேரமே கிடைக்காத வேலைகள்தான் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தன.

உதாரணத்துக்கு நோட்டீஸ் பதில். வருமான வரி நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதில் எண்களை எடுத்துப் போடுவது பாதி வேலை. மீதிப் பாதி, எந்த வாதத்தை முன்னால் வைப்பது, எதை விட்டுவிடுவது, அதிகாரி அடுத்து என்ன கேட்பார் என்று யோசிப்பது. அதற்குப் பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும். "ரொக்கமாக வந்தது விவசாயியிடமிருந்தா, தரகரிடமிருந்தா? ரசீது யார் கையெழுத்து? கொள்முதல் நிலையத்தின் தேதியும் லாரிச் சீட்டின் தேதியும் ஏன் ஒத்துப்போகவில்லை?" இப்படிக் கேள்வி கேள்வியாக எழுதிக்கொண்டு போவேன். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் யாரைப் பற்றி என்று தெரியாது. கீழே இறங்கும்போது பதிலுக்கான எலும்புக்கூடு தயாராக இருக்கும், ஆபீஸில் உட்கார்ந்து எண்களை மட்டும் சேர்த்தால் போதும். செப்டம்பர் 30க்குள் வரித் தணிக்கை அறிக்கைகளைப் போட்டாக வேண்டிய நெருக்கடியில், ஆடிட்டர் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு அறிக்கைக்கும் தனி அடையாள எண்ணான 18 இலக்க யூடின் எடுத்துக்கொண்டே ஓடுகிற நாட்களில், யாரும் குறுக்கே வராமல் யோசிக்கிற அரை மணி நேரம் என்பது வயலுக்குத் தண்ணீர் முறை வந்த மாதிரி. விட்டால் அடுத்த முறைக்குக் காத்துக்கிடக்க வேண்டும்.

சத்தமில்லாமல் வேலை பார்ப்பதில் இன்னொரு பாதியும் உண்டு, அது பக்கத்தில் இருப்பவருக்கு நாம் தரும் தொந்தரவு. முழங்கையை விரித்துக்கொண்டு டைப் அடிப்பது, தலைக்கு மேல் விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிறவர் கண்ணில் அடிப்பது, இதெல்லாம் எல்லா ஊர் விமானத்திலும் உள்ளது. திருச்சி விமானங்களில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. முதன்முதலாக விமானம் ஏறுகிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிற அம்மா, பெங்களூரில் பேரன் பிறந்ததற்குப் போகிற தாத்தா. பெல்ட்டின் கொக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, விமானப் பணிப்பெண்ணைக் கூப்பிடவும் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போது கண்டுகொள்ளாமல் லேப்டாப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிற தொழில் ஒழுக்கம் எனக்கு வேண்டாம். ஒரு முறை ஒரத்தநாட்டு அம்மா ஒருவருக்கு ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தேன். விமானம் திரும்பும்போது கொள்ளிடமும் காவிரியும் நடுவில் ஸ்ரீரங்கமும் கீழே தெரிந்தன. ஏடிஆரில் இறக்கை மேலே இருப்பதால் பார்வைக்குக் குறுக்கே ஒன்றும் இல்லை. "அந்தா பாருங்க, கோபுரம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு என் நோட்டைப் பார்த்து, "நீ எழுதுப்பா, நான் பேசல" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே சென்னை வரைக்கும் பேசாமல் வந்தார். நான் பார்த்ததில் அவரைவிட நல்ல பக்கத்து சீட்டுக்காரர் கிடையாது.

திரும்பி வரும்போது திருச்சியில் இறங்கியதும் எல்லோருக்கும் ஒரு அவசரம் வரும், ஏரோப்ளேன் மோடை எடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள். நான் கும்பகோணம் வருகிற வரைக்கும் கிளையண்ட் போனை எடுப்பதில்லை. கார் ஓட்டி வருகிற தம்பி நல்லவர், ஆனால் அவர் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டுகிறவர், பார்த்ததையும் கேட்டதையும் மறைக்க வேண்டிய சங்கடத்தை அவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? துவாக்குடி தாண்டினதும் நோட்டில் எழுதியதைப் போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிவிடுவேன், மேலே ஆற்றின் பெயர் மட்டும் இருக்கும். நான் போய்ச் சேருவதற்குள் யாராவது ஒருவர் பீரோவைத் திறந்து அந்த ஆறு யாரென்று பார்த்து, எண்களை எடுத்து வைத்திருப்பார்கள். அடுத்து மும்பை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வீரசோழனுக்கு வந்திருக்கிற நோட்டீஸையும் ஒரு புது நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன், கடைசி வரிசை இன்னும் காலியாகத்தான் காட்டுகிறது.