ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனிக் காற்று

காற்றாலை பார்க்கப் போகிறவர்கள் ஆனி, ஆடியில் போக வேண்டும். பங்குனியில் போனால் வெயில் மட்டும்தான் மிச்சம். இறக்கைகள் அசையாமல் நிற்கும். நான் இந்த முறை ஆனி பிறந்ததுமே கிளம்பிவிட்டேன். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் பஸ்ஸில் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வது நல்லது. வள்ளியூர் வரை மலை சற்றுத் தள்ளியே வருகிறது. பணகுடி தாண்டியதும் நெருங்கிவிடுகிறது, காற்றாலைகளும் கூடவே வந்துவிடுகின்றன. காவல்கிணறு விலக்குக்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டி, கும்பிட்டு, காணிக்கை போட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். நானும் அங்கேயே இறங்கினேன். இறங்கியவுடன் தோள்துண்டைக் காற்று பறித்துக்கொண்டு போனது. பூக்கடை அம்மா எழுந்து ஓடி எடுத்துத் தந்தார். “இது என்னய்யா காற்று, ஆடியில் வந்து பாருங்கள்” என்றார்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதை அங்கே நின்று மேற்கே பார்த்தால் கண்ணாலேயே புரிந்துகொள்ளலாம். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மழையை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலைச்சுவரில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என இடைவெளிகள் இருக்கின்றன. அகன்ற வாய்க்காலின் நீர் சின்ன மடையில் புகும்போது எப்படிச் சீறுகிறதோ, அப்படி அந்த இடைவெளிகளில் காற்று வேகமெடுக்கிறது. ஆரல்வாய்மொழி அவற்றில் தென்கோடியில் உள்ளது. மேற்கே தோவாளைப் பக்கம் வயலும் தென்னையும்; கிழக்கே முப்பந்தல் பக்கம் பனையும் உடைமரமும் செம்மண்ணும். நடந்தே கடந்துவிடக்கூடிய தூரத்தில் நிலம் இப்படி மாறிப்போகிறது. காற்று மட்டுமல்ல, படைகளும் இந்த வழியாகத்தான் வந்தன. 1809 பிப்ரவரியில் ஆங்கிலேயப் படை இங்கிருந்த கோட்டை அரணைத் தாக்கிப் பிடித்து, வேலுத்தம்பி தளவாயின் படையை முறியடித்துத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தது.

நண்பர் ஒருவர் மூலம் அனுமதி வாங்கி ஒரு பழைய காற்றாலையின் அடிவாரம் வரை போனேன். அதைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர் இருபத்தைந்து வயது இளைஞர். என்னை ‘அண்ணாச்சி’ என்றே கூப்பிட்டார். கோபுரத்தின் அடியில் இரும்புக் கதவைத் திறந்தால், வட்டமான இருட்டறை. உச்சி வரை போகும் ஏணி. சுவரோரம் கட்டுப்பாட்டுப் பெட்டி. உள்ளே எண்ணெய் வாசனையும், மேலிருந்து இறங்கும் ஒரே சீரான முனகலும். பெட்டியின் சின்னத் திரையில் காற்றின் வேகம், உற்பத்தி, ஜெனரேட்டரின் சுற்று எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. இறக்கைகள் நிமிடத்துக்கு 43 சுற்று. மேலே இருக்கும் கியர் பாக்ஸ் அதை ஆயிரத்துக்குச் சற்று மேலே ஏற்றி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது.

“காற்றை மட்டும் பாருங்கள் அண்ணாச்சி” என்றார் அந்தத் தம்பி. வேகம் விநாடிக்கு 8 மீட்டர் என்றிருந்தபோது உற்பத்தி 80 கிலோவாட்டை ஒட்டி இருந்தது. வெளியே பனையோலைகள் சடசடத்தன. வேகம் 11-க்கு ஏறியது. உற்பத்தி 170-ஐத் தாண்டிவிட்டது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம்தான். ஆனால் அதைத் திரையில் கண்முன்னே பார்த்தபோது, கணவாய் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பது உறைத்தது. விநாடிக்கு ஒரு மீட்டர் கூடுதலாக வீசும் இடத்துக்காக ஊர் ஊராக அலையலாம், தகும்.

அந்த இயந்திரத்தின் திறன் 225 கிலோவாட். இறக்கை வட்டத்தின் விட்டம் 27 மீட்டர். 1990-களில் நிறுவியது. நான் இந்தப் பயணத்தில் சொல்ல வந்ததே இதைத்தான்: தமிழ்நாட்டின் மிகச் சிறந்த காற்று, மிகப் பழைய, மிகச் சிறிய இயந்திரங்களின் மேல் வீசிக்கொண்டிருக்கிறது.

இதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல, முந்திக்கொண்டதன் விளைவு. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நாட்டின் முதல் செயல்விளக்கக் காற்றாலைகளில் சில நிறுவப்பட்டன. 1990-களில், காற்றாலையில் போட்ட பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானச் செலவாக வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள வருமான வரிச் சலுகை வந்தது. நூற்பாலைக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆலைக்கு மின்சாரமும் ஆயிற்று, வரியும் மிச்சம். இயந்திரங்கள் அன்றைய அளவுக்குத்தான் கிடைத்தன: 200, 225, 250 கிலோவாட். முதலில் வந்தவர்கள் காற்று அதிகமுள்ள நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வரிச் சலுகைக்கு மார்ச் மாதத்துக்குள் இயந்திரம் எழுந்து நின்றால் போதும். எத்தனை யூனிட் தருகிறது என்பது பிறகு பார்க்கும் சங்கதி. சில இடங்களில் ஒன்றின் காற்றை இன்னொன்று மறைக்கும் அளவுக்கு நெருக்கமாக நிற்கின்றன. அப்படியும் நான் அந்த முன்னோடிகளைக் குறை சொல்ல மாட்டேன். சூரிய மின்சாரம் கைக்கெட்டாத விலையில் இருந்த காலத்தில் நிலக்கரி இல்லாமல் ஆலை ஓட்டலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். மாநிலத்தின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல். நெடுங்காலம் நாட்டில் முதலிடத்தில் இருந்தோம்; அண்மையில்தான் குஜராத் முந்தியது.

இப்போது வரும் இயந்திரங்கள் வேறு ரகம். 3 மெகாவாட் திறன், 140 மீட்டருக்கு மேல் விட்டம், கோபுரமும் ஏறக்குறைய அதே உயரம். 144 மீட்டர் விட்டமுள்ள வட்டம், 27 மீட்டர் வட்டத்தைப் போல 28 மடங்கு பரப்பில் காற்றை வாங்குகிறது. மேலே போகப் போகக் காற்றும் வலுக்கிறது.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன். தம்பி சிரித்தார். கைவிரலை ஒவ்வொன்றாக மடக்கிச் சொன்னார். ஒரு பெரிய இயந்திரம் வர வேண்டுமானால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பல சின்ன இயந்திரங்கள் போக வேண்டும். அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு முதலாளியுடையது. ஒருவர் கோவையில் இருப்பார், ஒருவர் சென்னையில். ஒருவர் இறந்து, சொத்து பிள்ளைகளிடம் பிரிந்து கிடக்கும். நிலமோ துண்டு துண்டு. இயந்திரத்தின் விலை எப்போதோ கழிந்துவிட்டதால் இன்று வருவதெல்லாம் லாபம். புதுக்கடன் வாங்கச் சொன்னால் யார் வருவார்கள்? கூடுதல் மின்சாரத்தை எடுத்துச் செல்லப் புதிய மின்பாதையும் துணைமின் நிலையமும் வேண்டும். மத்திய அரசு 2016-இல் பழைய காற்றாலைகளை மாற்றுவதற்கெனக் கொள்கை வகுத்தது, 2023-இல் திருத்தியது. தமிழக அரசு 2024-இல் தனிக் கொள்கை வெளியிட்டது. தாள் வந்துவிட்டது. முதலாளிகளை ஒரே மேசையில் உட்கார வைக்கும் வேலைதான் பாக்கி, அதை அரசு முன்னின்று செய்யாமல் நடக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மேசையில் உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். திரும்பும் வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் மாமனாரின் நிலம் அந்தக் காலத்தில் மானாவாரிப் புன்செய் விலைக்குப் போனது. இப்போது அதே நிலத்தில் ஓடும் இயந்திரத்தின் நிழலில்தான் ஆடுகள் படுத்திருந்தன. “எங்கள் தலைக்கு மேலே கம்பி போகிறது தம்பி, எங்கள் வீட்டுக்கும் எல்லோரையும்போலத்தான் கரண்ட் பில் வருகிறது” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

வேறு வழி இருக்கிறது என்பதற்குச் சான்றும் தமிழ்நாட்டிலேயே உண்டு. மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-இல் வங்கிக் கடன் வாங்கி, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. உடுமலைப்பேட்டை அருகே மயிவாடியில் அதை நிறுத்தினார்கள். ஊரின் தேவை போக மீந்ததை மின்வாரியத்துக்கு விற்றார்கள். காற்றே இல்லாத ஊர் காற்று உள்ள ஊருக்கு வந்து இதைச் செய்ய முடிந்தது. பழைய இயந்திரங்கள் மாறும்போது ஆரல்வாய்மொழிக்கும் பணகுடிக்கும் ராதாபுரத்துக்கும் புதியவற்றில் பங்கு ஏன் இருக்கக் கூடாது?

இன்னொரு சிக்கலையும் தம்பிதான் காட்டினார். நல்ல காற்று அடிக்கும் நாளில் ‘நிறுத்து’ என்று உத்தரவு வருவதுண்டு. அனல் மின் நிலையங்களை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது. எல்லா நிலையங்களின் மின்சாரமும் வந்து சேரும் மின்தொகுப்பு தாங்காதென்றால் காற்றாலைக்குத்தான் ஓய்வு. 2022 ஜூலையில் ஒரே நாளில் மாநிலத்தின் காற்றாலைகள் 12 கோடி யூனிட் தந்தன. அப்படிப்பட்ட நாட்களின் மிச்சத்தைச் சேமிக்க வழி வேண்டும். கோவை மாவட்டத்தில் காடம்பாறை நீரேற்று நிலையம் 1987 முதல் இருக்கிறது: மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கலாம். நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம், 500 மெகாவாட், ஆண்டுக்கணக்கில் கட்டுமானத்திலேயே இருக்கிறது. ஆனிக் காற்றை யாரும் ஆனியிலேயே தீர்த்துவிட வேண்டியதில்லை. ஆனால் அதற்கான அணைகளும் மின்கலன்களும் காற்றாலையின் வேகத்தில் வளரவில்லை.

அடுத்து கடலுக்குள்ளும் காற்றாலை வரப்போகிறது. கடலில் 1,000 மெகாவாட் நிறுவ உதவும் திட்டத்துக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பாதி குஜராத்துக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. வரட்டும். ஆனால் வலை விரிக்கும் இடம் எது, படகு போகும் பாதை எது என்று கரையோர ஊர்களில் கேட்டுவிட்டு வரட்டும். தரையில் விட்டதைக் கடலிலும் விட வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்கு: நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பஸ் நிறைய உண்டு, முப்பந்தலில் நிற்குமா என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். ஆரல்வாய்மொழியில் ரயில் நிலையமும் இருக்கிறது. அதிகாலையில் தோவாளைப் பூச்சந்தையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், காற்று வலுக்கும் பிற்பகலுக்குள் முப்பந்தல் வந்துவிடலாம். காற்றாலைகள் தனியார் நிலத்தில் நிற்பவை, கேட்காமல் உள்ளே போகாதீர்கள். சாலையோரம் நிற்பவற்றின் கோபுர அடியைப் பாருங்கள்; உரிமையாளர் பெயர், சர்வே எண், திறன், தொடங்கிய தேதி ஆகியவற்றை அங்கே பெயிண்டில் எழுதியிருப்பார்கள். திறனையும் தேதியையும் படித்துக்கொண்டே நடந்தால் நான் மேலே எழுதியதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.