ஒரே கோடு, இரண்டு வண்ணம்

'தி கில்லிங் ஜோக்' என்ற பேட்மேன் காமிக்ஸ் கதையின் இரண்டு பதிப்புகளையும் நேற்று ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தேன். 1988இல் வந்ததற்கு வண்ணம் தீட்டியவர் ஜான் ஹிக்கின்ஸ். 2008 பதிப்பில் ஓவியர் பிரையன் போலாண்டே மறுபடி வண்ணம் கொடுத்தார். கதை அதேதான். ஆனால் படிக்கும்போது நெஞ்சில் ஏறும் கனம் வேறு.

கதையில் வரும் கேளிக்கைப் பூங்காவில் ஹிக்கின்ஸின் ஊதாவும் மஞ்சளும் கண்ணைக் குத்தும். காய்ச்சலில் காணும் கனவு மாதிரி இருக்கும். போலாண்ட் அதையெல்லாம் அடக்கி, குளிர்ந்த இரவாக்கிவிட்டார். பேட்மேனின் மார்புச் சின்னத்தைச் சுற்றியிருந்த மஞ்சள் வட்டத்தைக்கூட எடுத்துவிட்டார்.

நான் அதிக நேரம் நின்றது பேட்மேனின் எதிரியான ஜோக்கரின் பழைய நாட்கள் வரும் பக்கங்களில்தான். புதிய பதிப்பில் அவை கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளை. மதுக்கடை மேசையில் இருக்கும் இறால் மட்டும் சிவப்பு! வேறு எதையும் பார்க்க முடியவில்லை, கண் அங்கேயே போய் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் அவன் தலையில் கவிழும் அந்தச் சிவப்பு முகமூடி வரும்போது, இது எங்கே போய் முடியும் என்று வயிறு முன்பே சொல்லிவிடுகிறது.

பூங்காக் காட்சிகளுக்கு எனக்கு இன்னும் ஹிக்கின்ஸ்தான் பிடிக்கும். அந்தப் பைத்தியத்துக்கு அந்தக் கூச்சல் வேண்டும். ஆனால் இந்த இறால் தட்டை இனி மறக்க மாட்டேன்.